கன்று போடாத மாடும் ஆறுதலண்ணையும்

ஒரு படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் ஆறுதலண்ணை அப்படி எதைத்தான் பார்க்கிறார்? அவரை அறிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. நூலகத்தில் ஓவியம் பற்றிய புத்தகங்களை எடுத்துக் குறிப்பெல்லாம் எழுதிப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைத் துணிந்து சொல்வேன். டென்மார்க் முழுவதிலும், சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்து, கையில் மீன் ரோல்ஸ் பெட்டியோடு, படங்களைப் பார்த்து "சுகமே?" என்று கேட்டபடி ஓவியக்கூடத்துக்குள் நுழைகிற மனிதர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மன்னாரில் பங்குக் கோயிலோடு நின்றுவிட்டது. இங்கே அவர் ஆறுதலண்ணை. எங்கள் பேச்சில் 'ஆறுதலாக' என்றால் அவசரப்படாமல் என்று பொருள். ஆறுதலாச் சாப்பிடுங்கோ, ஆறுதலாப் போங்கோ என்று எல்லோரும்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு ஓடுகிறோம். அவர் ஓடுவதில்லை. பச்சை விளக்கு விழுந்தால், அது இனி மனம் மாறாது என்று உறுதியான பிறகுதான் காரை எடுப்பார். வேலை காற்றாலை இறக்கைகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரியாத இறக்கைகள். அவருக்கென்றே செய்த வேலை.

என் கணவரும் அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்தார். கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் அதனால்தான் அந்த ஊரில் போய் இறங்கினேன். பிராண்டே என்ற நகரைத் தாண்டி மேற்கே போனால், வீடுகள் குறைந்து, மரங்கள் குறைந்து, கடைசியில் காற்று மட்டும் மிஞ்சுகிற இடத்தில் அந்தச் சின்ன ஊர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. ஆனால் ஓவியக்கூடங்கள் நான்கு. பழைய தொழில்கள் மூடப்பட்டபோது, காலியான கட்டடங்களில் ஓவியர்கள் வந்து குடியேறினார்களாம். ஒன்று பள்ளிக்கூடத்தில், ஒன்று பால் பண்ணையில், ஒன்று குதிரை லாயத்தில், எல்லாவற்றிலும் பெரியது மாடு அறுக்கும் கொட்டகையில். கறிவேப்பிலை வேண்டுமென்றால் கணவரைக் கெஞ்சி ஒரு மணி நேரம் கார் ஓட வைக்க வேண்டும். எண்ணெய்ச் சாய ஓவியம் வேண்டுமென்றால் நடந்தே போகலாம்.

அந்த ஊரில் என் மகள் லியா பிறந்தாள். பிறந்து சில வாரங்களில் அழத் தொடங்கினாள். பசியில்லை, காய்ச்சலில்லை, ஈரமில்லை. காரணமில்லாத அழுகை. வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் தாதி, எடை நன்றாக ஏறுகிறது, சில மாதங்களில் அழுகை தானாக நிற்கும், குழந்தை வண்டிலில் போட்டு வெளியே குளிர்காற்றில் தூங்க வை என்றார். இந்த நாட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பனி விழும்போது குழந்தை வாசலில் தூங்கும், பெற்றோர் உள்ளே கோப்பி குடிப்பார்கள். அம்மா தொலைபேசியில், குழந்தைக்குத் தலையில் குளிர் படவே கூடாது என்றார். நான் சொல்பேச்சுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. இரண்டு பேர் சொன்னதையும் செய்ய முயன்றேன். வண்டிலை வாசலுக்குத் தள்ளுவேன், மூன்று போர்வை போடுவேன், கதவைச் சாத்துவேன், உடனே திறந்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். குழந்தைக்கு அது ஒரு விளையாட்டென்றுகூடத் தோன்றியிருக்கலாம். ஆனால் அழுகையை நிறுத்தவில்லை.

அழுகையைவிட எனக்குப் பெரிய பயம் கொமூன். இங்குள்ள நகரசபையைச் சொல்கிறேன். பிள்ளையைச் சரியாக வளர்க்கத் தெரியாதவர்களிடமிருந்து கொமூன் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று பிறந்தநாள் விழாக்களில் பெண்கள் தணிந்த குரலில் கதைப்பார்கள். யாருக்கு நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியும் இருக்கவில்லை. தாதியின் கார் வாசலில் நிற்கும் ஒவ்வொரு முறையும், தேவையிருக்கிறதோ இல்லையோ, லியாவின் உடுப்பை மாற்றுவேன்.

ஒரு ஞாயிறு முற்பகல், கணவர் வேலைக்குப் போயிருந்தார். கதவு மணி அடித்தது. கீழ்வீட்டு ஆறுதலண்ணை நின்றார். சத்தத்தைப் பற்றி முறையிட வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாயைத் திறக்க முன்பே மன்னிப்புக் கேட்டேன்.

"சத்தம் நல்லா இருக்கு பிள்ளை. சுவாசப்பையிலை ஒரு பழுதும் இல்லை," என்றார் அவர். "வெளிக்கிடுங்கோ, கலரிக்குப் போவம்."

"அழுற பிள்ளையோட எப்பிடியண்ணை கலரிக்குப் போறது? ஆக்கள் பேசுவினம்."

"ஆர் பேசிறது? ஞாயிற்றுக்கிழமை அங்க படங்கள் மட்டுந்தான் நிக்கும். அதுகள் ஒண்டும் சொல்லாதுகள்."

மறுத்துச் சொல்லத் தெரியாததால் போனேன். எனக்கு நடந்த நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் நடந்திருக்கிறது.

காரின் முன் இருக்கையில் அவருடைய மனைவி எல்சியக்கா மடியில் ரோல்ஸ் பெட்டியோடு இருந்தார். முதல் ஓவியக்கூடத்தில் பெட்டியை அண்ணையிடம் கொடுத்துவிட்டுக் காரிலேயே இருந்துகொண்டார். எல்சியக்காவின் ரோல்ஸ் நான்கு ஓவியக்கூடங்களையும் பார்த்திருக்கிறது. எல்சியக்கா ஒன்றையும் பார்த்ததில்லை. ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டதற்கு, "வீடெண்டால் வருவன். உது வீடில்லை," என்றார்.

ஆனால் அண்ணைக்கு அது வீடுதான். அவர் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒருவரையும் தெரியாதாம். டேனிஷ்காரர் வீட்டுக்குப் போவதென்றால் நாட்காட்டியைப் பார்த்து, வாரக்கணக்கில் முன்பே நாள் குறிக்க வேண்டும். கேட்காமல் நுழையக்கூடிய கதவு இந்த ஓவியக்கூடங்களின் கதவு மட்டும்தான் என்று கண்டுபிடித்தார். அதனால் வீட்டுக்குப் போகிற மரியாதையோடு போகத் தொடங்கினார். சப்பாத்துக் கழற்ற வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு கூடத்துக்குப் போனால் மற்ற மூன்றுக்கும் போக வேண்டும், இல்லாவிட்டால் "கோவிப்பினம்". திரும்பும்போது ஒவ்வொரு சுவரிடமும் "போட்டு வாறம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வாசலுக்கு வந்த என்னை ஒருமுறை திருப்பி அனுப்பினார்.

படங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வரைந்தவர் பெயரைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் எழுதி ஒட்டியிருப்பதை வாசிக்க மாட்டார். படத்தில் இருப்பவர்களின் நிலைமை மட்டுமே அவருக்கு அக்கறை. துறைமுகப் படத்தின் முன்னால் நின்று, படகைச் சரியாகக் கட்டவில்லை என்று கவலைப்படுவார். முழுக்கச் சிவப்பாக இருந்த ஒன்றைப் பார்த்து, கறிக்குத் தூள் கூடிப்போச்சு என்றார். பால் பண்ணையில், உடையில்லாத ஒரு பெண் தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும் பெரிய படம் இருந்தது. அந்த அறை வாசலிலேயே சட்டென்று திரும்பி, என்னையும் மறித்தார்.

"அவ குளிக்கிறா. பிறகு வருவம்."

இப்படி லியாவின் அழுகையோடு மூன்று இடங்களைப் பார்த்து முடித்து, நான்காவதாக, முன்பு மாடு அறுத்த அந்தக் கொட்டகைக்கு வந்தோம். அதை நடத்தியவர் கிர்ஸ்டன் என்ற உயரமான பெண்மணி, எப்போதும் கறுப்பு உடை. அண்ணை முதல் முறை அங்கே சப்பாத்தைக் கழற்றியபோது, தன் கூடத்தில் தான் மட்டும் சப்பாத்தோடு நிற்பது அவருக்குக் கூச்சமாகி, தானும் கழற்றிவிட்டாராம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலுறையோடுதான் இருப்பார். கொட்டகையின் கடைசிச் சுவரில், சுவரளவுக்கு ஒரு மாடு நின்றது. கறுப்பும் வெள்ளையுமான மாடு, பின்னால் மூடுபனி, வேறொன்றும் இல்லை. நாங்கள் கதைத்து முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல எங்களைப் பார்த்தது.

லியா பாதி அழுகையில் நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை. மாட்டைப் பார்த்தாள். மாடும் அவளைப் பார்த்தது.  எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, அந்தக் கொட்டகையில் காற்று கூரையைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. பல வாரங்களாக நான் என் குழந்தையைத் தவிர வேறொன்றையும் கேட்டதில்லை. அழுகை வந்தது, ஆனால் எனக்கு.

அண்ணை அதைப் பார்க்காததுபோல மாட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில், இந்தப் படைப்பு நவீன மனிதனின் தனிமையைப் பற்றியது என்று எழுதியிருந்தது. அண்ணை வேறு முடிவுக்கு வந்தார்.

"கன்று போடப் போகுது. இன்னும் ரெண்டு கிழமை."

அவர் ஊர் மன்னார்க் கடற்கரை. மாட்டோடு அவருக்கு எந்தப் பழக்கமும் இருந்ததில்லை என்று எல்சியக்கா பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனோம். இடையில் நானும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போவேன். லியா மூன்று ஓவியக்கூடங்களையும் அழுகையோடு கடப்பாள், நான்காவதில் மாட்டைக் கண்டதும் அடங்குவாள், பிறகு தூங்குவாள். கிர்ஸ்டன் ஒரு கதிரையை மாட்டுக்கு முன்னால் போட்டுவைத்தார். நான் அந்தக் கதிரையில் சாய்ந்து, மாட்டுக் கொட்டகையில், வாழ்நாளின் மிகச் சிறந்த தூக்கங்களைத் தூங்கியிருக்கிறேன். இது சரியா, குழந்தையை ஒரு படத்துக்குப் பழக்கலாமா, பிற்காலத்தில் மாட்டைக் கண்டால்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் விழித்ததும் யோசிப்பேன். அண்ணை ஒவ்வொரு கிழமையும் மாட்டின் வயிற்றை ஆராய்ந்து அறிக்கை விடுவார். "இன்னும் போடேல்லை."

பிறகு ஒரு ஞாயிறு போனபோது மாடு இல்லை. அந்தச் சுவரில் நீல முக்கோணங்கள் இருந்தன. விற்றுப்போனதாகக் கிர்ஸ்டன் மகிழ்ச்சியோடு சொன்னார், சொல்லி முடிக்கும்போதே என் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியைக் குறைத்துக்கொண்டார். லியா முக்கோணங்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். முக்கோணங்களை வரைந்தவர் அந்த விமர்சனத்தைக் கேட்காமல் இருந்தது நல்லது.

அண்ணை மட்டும் ஒரு திருப்தியோடு தலையாட்டினார். "இந்தக் கொட்டகையிலையிருந்து உயிரோட வெளிய போன முதல் மாடு இதுதான்."

அந்தக் கிழமை முழுக்க நான் தூங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை தாதி வருவதாக இருந்தது. அழும் குழந்தையும் நிற்க முடியாத தாயுமாகக் கதவைத் திறந்தால் அவர் என்ன நினைப்பார், கொமூனுக்கு என்ன சொல்வார் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை படிக்கட்டில் அண்ணையைக் கண்டபோது அதைச் சொல்லிவிட்டேன். அவர் நீண்ட நேரம் யோசித்தார். அவரைப் பொறுத்தவரைகூட நீண்ட நேரம்.

"மாட்டைக் கட்டிக் குடுத்தாச்சு எண்டு விட்டிட்டு இருக்கிறதே பிள்ளை? எந்த வீடு, எப்பிடி ஆக்கள் எண்டு போய்ப் பாக்க வேண்டாமே?"

மாட்டை வாங்கியவர் ஊருக்கு வெளியே வெள்ளை வீட்டில் இருக்கும் பல் வைத்தியர் யென்ஸ். கிர்ஸ்டன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஆண்டுக்கணக்காக ரோல்ஸ் சாப்பிட்டவர், என்ன செய்வார். போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போவோம் என்று நான் மன்றாடினேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குப் போன் எடுத்தா போவார்கள் என்று அண்ணை கேட்டார். எல்சியக்கா இந்தமுறை வீடு என்றபடியால் தானும் வருவதாகச் சொல்லி, கல்யாணச் சேலையை எடுத்தார்.

அப்படியாக, ஞாயிறு மதியம், பல் வைத்தியர் யென்ஸ் தன் கதவைத் திறந்தபோது அங்கே நின்றவர்கள்: கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர், பட்டுச் சேலையில் ஒரு பெண், அவர் கையில் வாழைப்பழமும் ரோல்ஸும் கேக்கும் அடுக்கிய தட்டம், பின்னால் தலைவாராத நான், என் கையில் வீறிட்டு அழும் குழந்தை. வாசலில் ஏற்கெனவே மூன்று சோடிச் சப்பாத்து.

யென்ஸ் பயிற்சி பெற்ற மனிதர். குழந்தையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். இவளுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லையே என்றார்.

மாட்டைப் பார்க்க வந்தோம் என்று அண்ணை தன் டேனிஷில் சொன்னார்.

என்னிடம் மாடு கிடையாது, அடுத்த பண்ணையில் கேளுங்கள் என்று யென்ஸ் வழி காட்டினார். காட்டுவதற்காக அவர் கொஞ்சம் விலகியபோது, அவருக்குப் பின்னால், சோபாவுக்கு மேல், மாடு தெரிந்தது. லியா பாதி அழுகையில் நின்றாள்.

யென்ஸ் குழந்தையைப் பார்த்தார். திரும்பி மாட்டைப் பார்த்தார். கடைசியாகத் தட்டத்தைப் பார்த்தார். உள்ளே வாருங்கள் என்றார். இந்த நாட்டில் நாள் குறிக்காமல் நான் நுழைந்த முதல் டேனிஷ்காரர் வீடு அதுதான்.

கோப்பி வந்தது.  எல்சியக்கா அலுமாரியையும் யன்னல் சீலையையும் ஒரு சம்பந்தியின் கண்ணால் அளந்தார். "வீடு பரவாயில்லை. தூசி தட்ட ஆளில்லைப் போல," என்று எனக்கு மெல்லச் சொன்னார். ஆள் இல்லைதான். யென்ஸ் தனியாக இருந்தார், மகள் ஓல்போர்க்கில். அண்ணை சுற்றிவளைக்காமல், மாடு இரண்டு வாரத்தில் கன்று போடும், கவனம் என்றார். யென்ஸ் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, மாட்டின் வயிற்றருகே போய் நின்றார். அவர் ஒரு விவசாயியின் மகனாம். நெடுநேரம் பார்த்தார்.

மூன்று, என்றார்.

அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது யென்ஸ் நாட்காட்டியை எடுத்து, வியாழக்கிழமைகளில் தன் சிகிச்சையறை சீக்கிரம் மூடும், இரண்டு மணிக்கு வரலாம் என்றார். எல்லா வியாழனுமா என்று கேட்டேன். எல்லா வியாழனும் என்று எழுதினார்.

மறுநாள் தாதி வந்தார். பிள்ளையை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. பல் வைத்தியர் வீட்டுக்குப் போய் மாட்டைப் பார்க்கிறோம் என்றேன். சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று உறைத்தது. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். பிறகு, மூடுபனியில் நிற்கிற மாடா என்று கேட்டார். அவருக்கும் அந்தப் படம் பிடிக்குமாம். யாரோடு போகிறாய் என்றார். சொன்னேன். நீ வெளியே போகிறாய், உன்னோடு ஆட்கள் இருக்கிறார்கள், நான் அதைத்தான் கவனிக்க வந்தேன் என்றார். அவர் கார் புறப்பட்டபோது முதன்முறையாக வாசலில் நின்று கையசைத்தேன்.

சில மாதங்களில் லியாவின் அழுகை நின்றது. மாட்டால் நின்றதா, தாதி சொன்னபடி தானாக நின்றதா, யாருக்குத் தெரியும். அழுகை நின்ற பிறகும் நாங்கள் வியாழக்கிழமைகளை நிறுத்தவில்லை. அந்தச் சோபாவைப் பிடித்துத்தான் அவள் எழுந்து நின்றாள். பிறகு கணவருக்குத் தலைநகரில் வேலை கிடைத்து, அதன் பக்கத்திலுள்ள அல்பர்ட்ஸ்லுண்டுக்கு மாறிவந்தோம்.

இந்த இலையுதிர்கால விடுமுறைக்குத் திரும்பப் போனோம். லியாவுக்கு ஆறு வயது. நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் டேனிஷில் பதில் சொல்கிறாள், அது வேறு கவலை, வேறொரு நாள் எழுதுகிறேன். அண்ணை இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் அவருடைய வேகம் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். குறைய இடமில்லாததால் அப்படியே இருந்தது. நான்கு ஓவியக்கூடங்களையும் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. முன்பு கையில் பிள்ளையும் மனதில் பதற்றமுமாக ஓடிய இடங்களில், முதன்முறையாக நானும் நின்று பார்த்தேன். துறைமுகப் படகு இன்னும் அவிழவில்லை. பால் பண்ணையில் அந்த அறை வாசலில் அண்ணை திரும்பி, லியாவின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ இன்னும் குளிக்கிறா."

மாட்டுக் கொட்டகை வாசலில் எனக்குக் கால் நின்றுவிட்டது. அங்கே சப்பாத்து வைக்க நீளமான ஒரு மரத்தட்டு அடித்திருந்தார்கள். அதில் பத்துப் பதினைந்து சோடி இருந்தது, எல்லாம் டேனிஷ்காரர்களுடையது. உள்ளே, புதிய கண்காட்சி தொடங்குகிற நாள். காலுறையோடு நின்ற கூட்டத்துக்கு நடுவே கிர்ஸ்டன் மேசைமேல் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்சியக்கா அவருக்குப் பழக்கிக் கொடுத்ததாம், காரில் இருந்தபடியே. ஏன் இங்கே சப்பாத்துக் கழற்றுகிறீர்கள் என்று ஒரு முதியவரிடம் கேட்டேன். எப்போதும் அப்படித்தான் என்றார்.

அடுத்த நாள் யென்ஸ் வீடு. வியாழக்கிழமை, இரண்டு மணி. நான் லியாவை மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது. அவள் பார்த்தாள். இது வெறும் மாடுதானே என்று டேனிஷில் சொன்னாள். எனக்குச் சோபாவுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

அண்ணை சிரித்தார். "ஓம் பிள்ளை, மாடுதான். வேறை என்ன எண்டு நினைச்சனீ?"

லியா இன்னும் கிட்டப் போனாள். வயிற்றைப் பார்த்தாள். இதற்குள் கன்று இருக்கிறதா என்று கேட்டாள்.

"ரெண்டு கிழமை," என்றார் அண்ணை. மூன்று, என்றார் யென்ஸ், அதே மூச்சில்.

அவ்வளவோடு முடிந்திருந்தால் இதை நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். கோப்பி குடிக்கும்போது யென்ஸ், இந்த வீட்டை விட்டு ஓல்போர்க்கில் மகளுக்குப் பக்கத்தில் சின்ன வீடொன்றுக்கு வசந்த காலத்தில் போகப்போவதாகச் சொன்னார். அங்கே மாட்டுக்குச் சுவர் போதாது. மாடு லியாவுக்குத்தான், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணையின் கையில் இருந்த ரோல் வாய்க்குப் போகாமல் நின்றது. நல்ல இடம், சந்தோசம் என்றார். பிறகு எழுந்து, மாட்டிடம் "போட்டு வாறன்" என்று சொல்லாமலே காருக்குப் போனார்.

எல்சியக்கா என்னை வாசலில் பிடித்தார். நாங்கள் ஊர் மாறிப் போன பிறகும் அண்ணை ஒரு வியாழக்கிழமையும் விடவில்லையாம். ஓய்வு பெறும்வரை, வியாழனுக்குக் காலை வேலையாக மாற்றி வாங்கிக்கொண்டு வந்தாராம்.

"உங்களுக்குத் தாறதிலை எனக்கு ஒரு குறையும் இல்லைப் பிள்ளை," என்றார் எல்சியக்கா. "ஆனா வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு இந்த மனுசன் எங்கை போறது?"

திரும்பி வந்ததிலிருந்து இதையே யோசிக்கிறேன். மாட்டை நாங்கள் எடுத்தால், எங்கள் வரவேற்பறைச் சுவரில் தலையும் வயிறும் கொள்ளும், பின்கால் வீட்டு நடைக்குத் திரும்பும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணையால் வர முடியாது. நடுவில் கடலுக்கு மேல் பெரிய பாலம் இருக்கிறது, அதில் ஆறுதலாகப் போக விடமாட்டார்கள். திரும்பக் கிர்ஸ்டனின் சுவரில் மாட்டலாமா என்று அண்ணையிடம் தொலைபேசியில் கேட்டேன். தப்பிப்போன மாட்டைத் திருப்பி அறுக்கிற இடத்துக்கா அனுப்புவது என்று கோபப்பட்டார். அப்படியென்றால் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள் அண்ணை என்றேன்.

"என்ன கதை பிள்ளை இது? எங்கடை வீட்டிலை இருந்தா, நான் எப்பிடிப் போய்ப் பாக்கிறது?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருக்கக்கூடும். என் கணவர் படம் வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார். ஆனால் யென்ஸ் கொடுப்பதை மறுத்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? எடுத்தால் அண்ணையின் வியாழக்கிழமை என்னாகும்? எனக்கு உண்மையில் மாடு வேண்டுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு வேண்டியது, என்றைக்காவது ஒரு நாள் என் வாசலில், கேட்காமல் வந்து கழற்றி வைத்த அவருடைய சப்பாத்து. அதற்கு வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவசரமில்லை, ஆறுதலாக யோசித்து எழுதுங்கள். மாடு இன்னும் கன்று போடவில்லை.